படகோட்டியின் வசனம்

பத்து வருடமாக வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதி வந்தவனுக்கு, ஒரு கேமுக்காவது தானே கதை எழுதிவிட வேண்டும் என்று ஆசை. அந்த வாய்ப்போ பக்கத்து மேசையில் இருந்த நண்பன் சோடாபுட்டிக்குப் போய்விட்டது. இப்போது சோடாபுட்டி எழுதிய கேமே இவனிடம் விமர்சனத்துக்கு வந்திருந்தது.

குறை கண்டுபிடித்தே தீருவது என்று மூன்று நாள் விளையாடினான். அகப்பட்டது ஒரே ஒரு எழுத்துப்பிழை, படகோட்டி ஒருவன் பேசும் வசனத்தில். துள்ளிக் குதித்து அதற்கே ஒரு பத்தி ஒதுக்கினான்.

பத்திரிகையின் ஆசிரியர் அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு எழுத்துப்பிழைக்கு ஒரு பத்தியா? வயிறு எரியுதாப்பா?"

"எரியுது மேடம்."

"சரி, அந்த வசனம் எப்படி இருந்துச்சு?"

அவனுக்குப் பொய் வரவில்லை. "அண்ணனைக் கரையில விட்டுட்டு வந்ததை அந்தப் படகோட்டி சொல்றப்ப, மேல விளையாட முடியாம கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டேன்."

"அதை எழுது."

பத்தியை அழித்துவிட்டு அதையே எழுதினான். பத்துக்கு ஒன்பது போட்டான்.

விமர்சனம் வெளியான அன்றே சோடாபுட்டி போனில் அழைத்தான். "ரொம்ப நன்றிடா. அடுத்த கேமுக்கு ஆள் தேடுறாங்க, உன் பேரைச் சொல்லட்டுமா?"

சோடாபுட்டி சிபாரிசிலா என்று மனம் கொதித்தது. ஆனாலும் "சொல்லுடா" என்று வாய் முந்திக்கொண்டது.