நாலு மடிப்புச் செங்கல்

மார்கழி பிறந்த நாளிலிருந்து செல்லமுத்துவுக்கு உலகத்தில் ஒரே விரோதிதான். காட்டுப்பன்றி இல்லை. அதுவாவது வந்தோமா, கிழங்கைத் தோண்டினோமா, தின்றோமா என்று போய்விடுகிறது. அவருடைய விரோதி அவருடைய பாதங்கள். ஐம்பத்தாறு வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தவை, இப்போது காட்டுக் காவலுக்குப் பரண் மேல் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு விறகுக்கட்டைகளாக விறைத்துக்கொள்கின்றன.

தம்மம்பட்டி ரோட்டை விட்டு உள்ளே, மலையடிவாரத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு. தை கடைசியில் பிடுங்கி ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றிவிட வேண்டும். அதுவரை காவல். பன்றியைச் சுட்டால் கேஸ், வேலியில் கரண்டு விட்டால் ஜெயில். மிச்சமிருப்பது ஒரு டார்ச் லைட், ஒரு தகர டின், அதைத் தட்ட ஒரு கேனப்பயல். அந்தக் கேனப்பயல் தான்தான் என்று செல்லமுத்து வாரத்துக்கு நாலு தரமாவது சொல்லிக்கொள்வார்.

பரண் கட்டியிருந்த புளியமரம் வரப்பில் நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் அருணகிரியின் காடு. அருணகிரி வேறு யாருமில்லை, செல்லமுத்துவின் மனைவி மாரியாயியின் கூடப்பிறந்த தம்பி. ஒருநாள் இவர் காவல், மறுநாள் அவன் காவல். ஒரே பரண், ஒரே டின். பேச்சு மட்டும் நாலு வருஷமாக இல்லை.

மகள் இனியாவின் மஞ்சள் நீராட்டுச் சீரில் வந்த வினை அது. போர் போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் மாட்டிக்கொண்ட அருணகிரி, சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. செல்லமுத்துவுக்குப் பொறுமை ஏது? அதற்குள் மாரியாயியின் பெரியப்பா மகனை இழுத்துவந்து, தாய்மாமன் இடத்தில் நிறுத்தி மாலையைப் போட்டுவிட்டார். அருணகிரி தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் மாரியாயிதான் போஸ்ட்மேன். "டின்னுல ஓட்டை உழுந்திருச்சாம், தம்பி சொன்னான்" என்பாள். "வேற டின்னு வாங்கி வெக்கறேன்னு சொல்லிரு" என்பார் இவர். ஓட்டை டின்னைவிட அவளுக்குத்தான் அலுத்துப்போயிருந்தது.

பரணில் கால் வைத்துக்கொள்ளக் கடலைத்தோல் அடைத்த ஒரு சாக்கு கிடக்கும். அருணகிரி தைத்துப் போட்டது. முதல் நாள் செல்லமுத்து அதை முறைத்துப் பார்த்தார். இரண்டாம் நாள், சாக்குக்கும் எனக்கும் என்ன சண்டை என்று காலை உள்ளே விட்டுக்கொண்டார்.

அதுவும் போதவில்லை. அதனால் மாரியாயி சாயங்காலமே அடுப்பில் ஒரு செங்கலைப் போட்டுச் சுடவைத்து, பழைய நூல் சேலையில் நாலு மடிப்பாகச் சுற்றிக் கொடுப்பாள். "நாலு மடிப்பு இருக்கோணுமுங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் பொசுக்கிப்போடும்" என்று தினமும் சொல்வாள். சாக்குக்குள் செங்கலைத் தள்ளி, அதன்மேல் காலை வைத்தால் விடியும்வரை தாங்கும். தாங்கும் என்று அவள்தான் சொன்னாள். அவருக்கு அந்தச் சூடு ஒருநாளும் வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஐப்பசியில் சர்க்கரை வியாதி முகாமுக்குப் போனபோது, நர்ஸம்மா ஒரு மெல்லிய நைலான் நரம்பை எடுத்து, "கண்ண மூடிக்கங்கய்யா, கால்ல தொட்டா சொல்லுங்க" என்றாள். செல்லமுத்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லையோ என்று அரைக்கண்ணைத் திறந்து பார்த்தால், அந்தப் பெண் பெருவிரலில் நரம்பை வளைய வளைய அழுத்திக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் வெறுங்காலோடு காட்டில் இறங்காதே என்பார்கள், மரம் ஏறாதே என்பார்கள். அப்புறம் பரணில் யார் உட்காருவது? அரைக்கண்ணால் பார்த்துப் பார்த்தே, தொட்ட இடத்திலெல்லாம் "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்று சொல்லி முடித்தார். வீட்டுக்கு வந்து, "காலு கல்லாட்டம் இருக்குதாம் புள்ள" என்றார். அது ஒருவகையில் நிஜம்தான்.

அந்த வியாழக்கிழமை பனி கொட்டியது. செங்கல் மேல் காலை வைத்தார். ஒன்றுமில்லை. குனிந்து ஒரு மடிப்பைப் பிரித்தார். ஒன்றுமில்லை. இன்னொன்றைப் பிரித்தார். இவள் செங்கலை அடுப்பில் வைத்தாளா, ஐஸ் பெட்டியில் வைத்தாளா என்று திட்டிக்கொண்டே மூன்றாவதையும் உருவினார். ஒரு மணிக்குப் பன்றிகள் வந்தன. எழுந்து டின்னைத் தட்டிக் கத்தி விரட்டிவிட்டு, மறுபடி சாக்குக்குள் காலை விட்டார். தொண்டை கட்டிப்போயிருந்தது. இந்தக் கிழங்கும் வேண்டாம், காடும் வேண்டாம், ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினால் போதும் என்று அழுகை வந்தது. உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தும் போனார்.

விடிந்ததும் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போனார். நாள் முழுக்கச் சேற்றில் நின்றார். வலி இருந்தால்தானே குனிந்து பார்ப்பதற்கு? சாயங்காலம் நாய் அவர் செருப்பை விடாமல் நக்கியது. "சனியனே, உனக்குச் சோறு போடலியா" என்று விரட்டினார். அன்று அருணகிரியின் முறை. செல்லமுத்து அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்.

சனிக்கிழமை காலை வாசலில் பைக் நின்றது. அருணகிரி. நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்த வாசல்படிக்கு வந்திருந்தான். கையில் கடலைத்தோல் சாக்கு.

"வந்தவங்களுக்கு என்ன வேணுமாம், கேளு புள்ள" என்றார் செல்லமுத்து, கூரையைப் பார்த்தபடி.

அருணகிரி சாக்கின் உள்பக்கத்தைத் திருப்பி அக்காவிடம் காட்டினான். "ராத்திரி கால உட்டேன்க்கா. என்னமோ ஒட்டுச்சு. லைட்டடிச்சுப் பாத்தா தோலு. கடலைத்தோலு இல்லக்கா, மனுசத்தோலு. மாமன் காலப் பாத்தியா?"

மாரியாயி புருஷனின் காலைப் பார்த்தாள். செல்லமுத்துவும் பார்த்தார். காய்ந்த சேறுதான் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் வலிக்கலைன்னு சொல்லு" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது.

"வலிக்காததுதாங்க மாமா வம்பே" என்று அருணகிரி நேராக அவரிடமே வந்தான். "எங்கூட ரிக்குல இருந்த டிரைவருக்கு இப்பிடித்தான். சைலன்சர்ல கால வெச்சுக்கிட்டே தூங்கியிருக்கான். முழங்காலோட எடுத்தாங்க. காட்டுங்க."

அவன் வாசலில் மண்டியிட்டு, சொம்புத் தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கழுவினான். இடது பாதத்தின் வெளிப்பக்கம், குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும், தோல் இல்லை. கீழே வெந்த சதை. மாரியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "நாலு மடிப்பு சுத்தித்தானே கொடுத்தேன் சாமி" என்று அழுதாள். செல்லமுத்து அந்தக் காலை யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு அது தன்னுடையது என்பது மெள்ள உறைத்தது. அவ்வளவு பயம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை.

அருணகிரி அவரைப் பைக்கின் பின்னால் ஏற்றி ராசிபுரம் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுவிக் கட்டுப் போட்டார். "எலும்பு வரைக்கும் போகல. கால் தப்பிச்சுரும். சுண்டுவிரல மட்டும் பத்து நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும். இன்னும் ரெண்டு நாள் சேத்துல நின்னிருந்தா வேற கதை" என்றார். பிறகு, "இன்னொரு காலையும் பாத்துருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் ஒரு பெட்டியைத் திறந்தாள். அதே நைலான் நரம்பு. செல்லமுத்துவுக்குப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. பெஞ்சில் நீட்டிய கால் அசையாமலிருக்க அருணகிரி பிடித்துக்கொண்டான்.

"கண்ண மூடுங்கய்யா. தொட்டா சொல்லுங்க."

இந்தத் தடவை இறுக்கி மூடினார்.

"தெரியுதா?"

"தெரியலைங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

அரைக்கண் திறக்கலாமா என்று ஆசை வந்தது. திறக்கவில்லை. இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் கண்ணோரம் நனைந்தது. பிடுங்காத கிழங்கு, இன்றைக்குத் தன் முறை, இனி ஏற முடியாத மரம், எல்லாம் மூடிய கண்ணுக்குள் வந்து போயின. சலிப்பு தாங்காமல் போதும் என்று சொல்லப்போனவர், சட்டென்று நிறுத்தினார்.

"இருங்கம்மா. இப்பத் தெரியுதுங்க. கணுக்காலுக்கு மேல. வெதுவெதுன்னு இருக்குது."

"நான் இன்னும் அங்க வரவே இல்லீங்களே அய்யா" என்றாள் நர்ஸ்.

செல்லமுத்து கண்ணைத் திறந்தார். கணுக்காலுக்கு மேலே அருணகிரியின் கை இருந்தது. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் அவன் கூச்சத்தோடு கையை எடுக்கப் போனான்.

"எடுக்காத மாப்ள" என்றார் செல்லமுத்து. "கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும்."