மூச்சை நிறுத்துங்க

அப்பாவின் பல் செட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் கம்பி இருக்கிறதாம், ஸ்கேன் எடுக்கும் காந்த அறைக்குள் ஆகாதாம். காலையில் தின்ற ரொட்டி இன்னும் அதன் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சிலின் வெதுவெதுப்பு பையைத் தாண்டி விரலுக்கு வந்தது. கருமம், பக்கத்து நாற்காலியிலாவது வைக்கலாம் என்றால் அவர் விட்டால்தானே. "பத்திரம் பாப்பா, பத்திரம்" என்று பொக்கை வாயால் குழறினார். முப்பத்தாறு வயதுக்காரி அவருக்கு இன்னும் பாப்பா.

எப்போதோ காய்ச்சலில் படுத்தபோது ஒரு டாக்டர், "இதயம் கொஞ்சம் வீக்கா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மனுஷன் இத்தனை வருஷமாக வீட்டை ஆட்டிப்படைக்கிறார். மகளுக்கு வெளியூர் வரன் வந்ததா, நெஞ்சில் கை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்களா, அதற்கும் நெஞ்சில் கை. அவர் கை மேலே போனால் வீடே கப்சிப். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், பதவி உயர்வோடு வந்த வெளியூர் மாற்றலை இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது மூன்றாவது முறை. வேறு ஊரில் புதுக் கூடம் திறக்கிறார்கள், அவள்தான் தலைமை. இன்றைக்குள் சொல்லியாக வேண்டும், இதுவே கடைசி என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் அந்த இதயத்தை ஒரு தடவை பார்த்தேவிடுவோம் என்றுதான் அவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். தொப்பையும் கொழுப்பும் மறைத்ததில் எக்கோவில் சரியாகத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது என்று அளந்தே சொல்லிவிடலாம் என்றார் டாக்டர்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அப்பாவின் நெஞ்சு மயிரை அங்கங்கே மழித்து வயர் ஒட்டினாள். மழித்த நரைமயிர் வியர்வையோடு தொப்பைமேல் அப்பிக் கிடந்தது. "ஐயா, இதயம் துடிச்சிட்டேதான் இருக்கும், அதை ஒண்ணும் பண்ண முடியாது. மூச்சை மட்டும் நான் சொல்றப்ப நிறுத்திக்குங்க. வயிறு அசைஞ்சா படம் கலங்கிடும்." ஒத்திகை பார்த்தார்கள். இழுங்க, விடுங்க, நிறுத்துங்க. அப்பா கல் மாதிரி கிடந்தார். "பிரமாதம்! வயசுப் பசங்களே இவ்வளவு நேரம் பிடிக்க மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். அப்பாவின் முகமெல்லாம் பூரிப்பு. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்.

"படம் நல்லா விழுந்தா எல்லாம் தெரிஞ்சிடுமாம்மா?"

"ஒண்ணுவிடாம தெரியும் ஐயா."

அவ்வளவுதான், மனுஷனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொண்ணு கூடவே இருந்தால்தான் உள்ளே வருவேன் என்று அடம். அவள் பல்லை, கூட வந்திருந்த அம்மாவிடம் கொடுத்தாள், போனையும் வளையலையும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். வெடித்த குதிகால்கள் அவள் முகத்துக்கு நேரே இருந்தன. இயந்திரம் தடதடவென்று இடித்தது. ஒலிபெருக்கியில் "நிறுத்துங்க" என்று வந்ததுதான் தாமதம், போர்வைக்குள் தொப்பை குபுக்கென்று எழும்பியது. அடுத்த முறையும் அப்படியே. சத்தம் ஓய்ந்ததும் தொப்பை சாதுவாக அடங்கிக் கிடந்தது. மறுபடி "நிறுத்துங்க". மறுபடி குபுக்.

அடப்பாவி என்று அவள் வாய்விட்டே சொன்னாள். முடியாமல் இல்லை, வேண்டுமென்றே செய்கிறார். இந்தத் தொப்பைக்காகவா உப்பில்லாமல் சமைத்து, அதையே தானும் தின்று, ராத்திரி இருமல் கேட்டபோதெல்லாம் எழுந்து ஓடினோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

"பரவால்ல ஐயா" என்றது ஒலிபெருக்கி. "சில பேருக்கு முடியாது. நீங்க இஷ்டம்போல மூச்சு விடுங்க, அப்படியும் எடுக்கிற வழி இருக்கு. கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்."

அதைக் கேட்ட கணம் அந்தத் தொப்பை, யாரும் சொல்லாமலே, அசைவற்று நின்றது.

ஸ்கேன் முடிந்து அப்பா உடைமாற்றப் போயிருந்த நேரத்தில் டாக்டர் அவளையும் அம்மாவையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒரு முஷ்டி இறுகி இறுகி விரிந்துகொண்டிருந்தது. "உள்ள இருக்கிற ரத்தத்துல நூத்துக்கு அறுபதுக்கு மேல தள்ளுது. தழும்புகூட இல்ல. அந்தக் காய்ச்சல்ல வந்த பலவீனம் எப்பவோ சரியாயிருக்கும். அருமையான இதயம்மா."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வெளியே வந்ததும் அம்மா அவளைச் சுவரோரமாக ஒதுக்கினாள்.

"கொஞ்சம் வீக்காதான் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடலாம்டி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ ஆபீஸ் போனதும் தண்ணி கேனை மாடிக்குத் தூக்கிட்டுப் போவாரு. பாட்டு வேற பாடுவாரு. எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்ப. நான் ஒருத்தியா இந்த மனுஷனோட எப்படிடி இருப்பேன்?"

அப்பாமேல் எரிச்சல் வந்து வந்து பழகிவிட்டது. இது வேறு. இத்தனை நாள் யாருக்காகப் பாவப்பட்டாளோ, ராத்திரி யார் தலையை வருடிக்கொண்டு படுத்தாளோ, அந்த முகத்தைப் பார்க்கவே இப்போது அருவருப்பாக இருந்தது. சீ, அம்மாவையா இப்படி நினைக்கிறோம் என்றும் இருந்தது. ஆனாலும் அருவருப்பு போகவில்லை.

அப்பா பல்லை வாங்கி மாட்டிக்கொண்டார். "என்ன சொன்னாங்க?"

"பார்த்து நடந்துக்கணுமாம்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அவருக்கு முகம் மலர்ந்தது. காலெல்லாம் தள்ளாடுகிறது என்று சக்கர நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். எத்தனை பேர் கைபட்டதோ, பிடி பிசுபிசுத்தது. அவள் தள்ளிக்கொண்டு போனாள். வாசலுக்கு இறங்கும் சரிவில் போன் அடித்தது. அதிகாரி. எடுக்கலாமா என்று அவள் யோசிக்கவேயில்லை, பிடியை விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க?"

நாற்காலி தானாக உருள ஆரம்பித்தது. "ஐயோ" என்று அம்மா அலறினாள். சரிவின் நடுவில் அப்பா இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி, வண்டியை ஒற்றை ஆளாக நிறுத்தினார். மூச்சுகூட வாங்கவில்லை.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

அம்மா அப்பா பக்கம் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.