உப்புப் படலம்

ஆன்ட்ரூசின் புது மீன்பிடி வள்ளத்தை ஜெபம் சொல்லி மந்திரிக்கப் பங்குச்சாமியார் வந்தபோது, பெனிட்டோவை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். வள்ளத்தின் நடுவில் நட்டிருந்த கம்பின் உச்சியில் அவன் செய்த வெள்ளைப் பெட்டி இருந்தது. நடுக்கடலில் ஆபத்து என்றால் உள்ளிருக்கும் ஆன்டெனா கரைக்குச் செய்தி அனுப்பும். போன ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அதைச் சொல்லி, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய நம் ஊரின் முதல் டாக்டர் என்றார். கோயிலே கைதட்டியது.

கணினியில் அந்த ஆன்டெனா அழகாகவே வேலை செய்தது. திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் கருவி வைத்து அளந்தபோதும் குறையில்லை. கடல்நீரைத் தெளித்து அளந்தபோதுதான் அதிர்வெண் எங்கோ விலகி ஓடியது. கரைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பிளாஸ்டிக் மூடி போட்டுப் பார்த்தான். மூடியின்மேல் உப்பு படிந்ததும் அதே கதை. இதுதான் உண்மையான ஆராய்ச்சி என்று நினைத்து ஓர் அத்தியாயமே எழுதிக்கொண்டு போனான்.

அவனுடைய ஆய்வு நெறியாளர் சத்தியநேசன் படித்துவிட்டுச் சிரித்தார்.

“லேபுல எங்கடே கடலு?”

அத்தியாயம் போயிற்று. அந்த இடத்தில் எல்லா ஆய்வு மாணவர்களும் செய்வதையே அவனும் செய்தான். கணினி தந்த வரைபடக் கோட்டை எடுத்து, அங்கங்கே லேசாக நெளித்து, உப்புநீரில் அளந்து பெற்றது என்று பெயர் எழுதினான். கடல் சூழலிலும் நம்பகமானது என்ற வரியை அவன் கையாலேயே தட்டச்சு செய்தான். பட்டம் வந்தது.

சாமியார் தண்ணீரில் மந்திரித்த உப்பைக் கலந்து வள்ளமெங்கும் தெளித்தார். பெட்டியின் மேலும் விழுந்தது. இனி மேகம் கறுத்தால் பாதியில் திரும்ப வேண்டாம், இன்னும் தூரம் போகலாம் என்று ஆன்ட்ரூஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட பெனிட்டோ, ஆன்ட்ரூசின் மனைவியான தன் அக்கா ஷெர்லியை வள்ளத்தின் மறுபக்கம் கூட்டிப்போனான்.

“அக்கா, அது நனைஞ்சா வேலை செய்யாது.”

“கடலுக்குப் போற வள்ளம் நனையாம வருமாலே?” என்று அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “எப்பத் தெரியும்?”

“பட்டத்துக்கு முன்னாடியே.”

அவள் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“கோயில்ல அத்தன பேரும் கைதட்டும்போ நீ தலைய ஆட்டிக்கிட்டுதான நின்ன மக்கா? இனி வாயத் தொறக்காத. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

அன்று சாயங்காலமே கம்போடு பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். உப்புக் காற்றில் கெட்டுவிடக்கூடாது என்று பத்திரமாக வைத்திருப்பதாக ஊரில் பேச்சு. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது அது ஷெர்லி வீட்டுக் கண்ணாடி அலமாரியில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால் தம்பி கண்டுபிடித்தது என்பாள். ஆனி மாதக் காற்றில் ஆன்ட்ரூஸ் திரும்பத் தாமதமான ஒரு நாள் பெனிட்டோ அங்கே இருந்தான். அவள் வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிளம்ப மெல்ல எழுந்தான். அவள் திரும்பாமலே சொன்னாள்.

“சாயா குடிச்சிட்டுப் போங்க டாக்டரே.”