நின்ற இடத்தில் விழுந்த வண்டி

சுமானி வாங்கிய புது மோட்டார் சைக்கிள் பழுதில்லாமல் இருந்தது நாற்பது நிமிடம். கடைக்காரர் சாவியைக் கையில் கொடுத்தபோது மணி ஒன்பது இருபது. விழுந்தபோது சரியாகப் பத்து.

தாமலே நகர நீதிமன்றத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். சாட்சி உள்ளூர் மொழியான தக்பானியில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வார், நீதிபதி கேட்பதைச் சாட்சிக்குத் தக்பானியில் சொல்வார். பத்தொன்பது வருடத்தில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை, ஒரு வார்த்தை குறைத்ததில்லை என்று பெயர் எடுத்தவர். அத்தனை வருடமும் ஒரே பழைய வண்டியில்தான் வேலைக்குப் போய்வந்தார். மழைக்காலத்தில் அது கிளம்பாது, வெயில்காலத்தில் அணையாது. கடைசியில் அதை ஒரு தகரக் கடைக்காரர் பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டார்.

புது வண்டியை முதலில் தன் பிறந்த வீட்டில் காட்டிவிட்டு வர வேண்டும் என்று மனைவி ரஹினா சொல்லியிருந்தாள். மாமனார் வீடு ந்யொஹினியில். அங்கே சும்மா போக முடியாது என்று சுமானி தன் கோடு போட்ட கைத்தறி அங்கியைப் போட்டுக்கொண்டார். முழங்கால்வரை குடைபோல விரிந்து தொங்கும் அங்கி, கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருவது.

ந்யொஹினித் திருப்பத்தில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்ததால் சாலையெல்லாம் செம்புழுதி. மாமனார் பார்ப்பதற்குள் டேங்கைத் துடைத்துவிடலாம் என்று நினைத்தார். இடது காலால் சைடு ஸ்டாண்டைத் தள்ளினார். அது பாதிதான் இறங்கியது. புது வண்டி என்பதால் அதன் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. வலது காலைத் தூக்கி இறங்கப் போனார். அங்கியின் ஓரம் பின்சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. வண்டி இடப்பக்கம் சாய ஆரம்பித்தது.

அது அவசரப்படவில்லை. விழுந்து முடிப்பதற்குள் அவர் ஒரு பிஸ்மில்லாவை முழுவதுமாகச் சொல்லி முடித்துவிட்டார். பிறகு வண்டி கீழேயும், அவர் அதன்மேலேயும் கிடந்தார்கள்.

சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. சற்றுத் தள்ளி ஒற்றைக் கொம்பு வெள்ளை ஆடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்கவில்லை.

அங்கியை விடுவித்துக்கொண்டு, சீட்டில் முதுகைக் கொடுத்து நெம்பி, மூன்றாவது முயற்சியில் வண்டியை நிமிர்த்தினார். இடதுபக்கக் கண்ணாடி சில்லுச் சில்லாகியிருந்தது. கிளட்ச் லீவர் நுனி வெளிப்பக்கமாக வளைந்து ஏதோ பூவைப்போல நின்றது. இண்டிகேட்டர் கழுத்து ஒடிந்து ஒயரில் தொங்கியது. கியர் லீவர் உள்ளே மடங்கி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. டேங்கில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கியர் மாற்ற வழியில்லாததால் மீதி தூரத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

வாசலில் நின்றவன் மச்சான் தாஹிரு, ரஹினாவின் தம்பி. சந்தையில் செருப்பு விற்பவன். வாய் சும்மா இருக்காது. அவன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். தொங்கிய இண்டிகேட்டரை விரலால் தட்டி ஆட விட்டான்.

"என்ன மச்சான், வண்டிய ஏன் நடத்திக் கூட்டிட்டு வர்றீங்க?"

அப்போது சுமானி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"ஆடு."

"அந்தத் திருப்பத்து ஆடா? ஒத்தக் கொம்பு வெள்ளையா?"

சுமானி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் மறுக்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் நீதிமன்றத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மற்றதை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் இருக்கும் அசானா அம்மாளின் ஆடு அது, நடுரோட்டில் படுத்தே பழகியது, என்றைக்காவது ஒருவரை விழவைக்கும் என்று மாமியார் போன வருடமே சொன்னார்களாம். நண்பகல் லுஹர் தொழுகைக்குள் ஆடு திடீரென்று பாய்ந்திருந்தது, சுமானி பிரேக்கைப் பிடித்திருந்தார், ஒரு உயிரைக் காப்பாற்றத் தன் புது வண்டியைத் தியாகம் செய்திருந்தார். பள்ளிவாசலில் இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாமனார் சோளக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும் போடச் சொல்லி, பெரிய மீன் துண்டைத் தன் கையாலேயே மருமகன் பக்கம் தள்ளிவைத்தார். சுமானி சாப்பிட்டார். குழம்பு நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, ஃபிட்டர் ஜக்கரியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். பட்டறை என்றால் ஒரு மாமரம், அதன் கிளையில் தொங்கும் நான்கு டயர், கீழே ஒரு பெஞ்சு. ஜக்கரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வண்டியின் இடப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சுமானி ஆட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டு நாளில் அது முழு வாக்கியமாகவே வர ஆரம்பித்திருந்தது.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்கண்ணே?"

முப்பது இருக்கும் என்றார் சுமானி.

ஜக்கரி ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் நுனியைக் காட்டினார். அங்கே கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ஓடுற வண்டி விழுந்தா தரையில இழுத்துட்டுப் போவும்ணே. கோடு கோடா கீறியிருக்கும். இதுல கோடே இல்ல. எல்லாம் புள்ளி. நின்ன வண்டி விழுந்தாத்தான் இப்படிப் புள்ளி விழும்."

சுமானி மாமரத்தைப் பார்த்தார்.

"வாரத்துக்கு மூணு புது வண்டி இப்படி வருது," என்றார் ஜக்கரி, சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தபடி. "எல்லாமே ஆடுதான். போன வாரம் ஒரு பாஸ்டருக்கு மாடு. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல."

ஒரு இரும்புக் குழாயைக் கியர் லீவரில் சொருகி, அணைத்துப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தார். அது ஏறக்குறைய நேராக வந்தது. கிளட்ச் லீவரை நிமிர்த்தினால் முறிந்துவிடும் என்று புதிது போட்டார். ஒடிந்த இண்டிகேட்டரின் இடத்தில் பட்டறையில் கிடந்த வேறொரு வண்டியின் இண்டிகேட்டர் பொருந்தியது. நிறம் மட்டும் கொஞ்சம் அதிக ஆரஞ்சு. இடதுபக்கக் கண்ணாடி தனியாகக் கிடைக்காது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், புதன்கிழமை வரும் என்றார். டேங்க் பள்ளத்தைத் தட்டி எடுக்கப் போனால் பெயின்ட் உதிரும், அதன்மேல் கழுகுப் படம் ஒட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். நீதிமன்ற வளாகத்தில் கழுகோடு போய் நிற்க சுமானிக்கு மனம் வரவில்லை. பள்ளம் அப்படியே இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, தாஹிரு ஒரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அறுபது வயதிருக்கும். கையில் கால் கட்டிய இரண்டு கினிக்கோழிகள். ரஹினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு மண்ணில் குந்தி உட்கார்ந்தார். தாஹிரு தொண்டையைக் கனைத்து, இவங்கதான் அசானா, மன்னிப்புக் கேட்க வந்திருக்காங்க, தனியா வரக் கூடாதுன்னு என்னையும் கூட்டிட்டு வந்தாங்க என்றான்.

அசானா தலை குனிந்தபடியே பேசினார்.

"எங்க வீட்டுப் பக்கத்து மாப்பிள்ளை நீங்க. நேத்து சந்தையிலதான் கேள்விப்பட்டேன், உடனே வர முடியல. ஆட்டக் கட்டி வச்சுட்டேன். வெள்ளிக்கிழமை கசாப்புக்காரர் வர்றாரு, கொடுத்துடப் போறேன். இந்தக் கோழி ரெண்டையும் நீங்க வாங்கிக்கணும். வேண்டாம்னு சொன்னா, மனசுல இன்னும் கோவம் இருக்குன்னு அர்த்தம்."

சுமானி கோழிகளைப் பார்த்தார். வேண்டாம் என்றால் கோபம். வாங்கிக்கொண்டால் அதைவிட மோசம். உண்மையைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது எதிரில் தாஹிருவின் முகம் தெரிந்தது. ஆட்டை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அசானா தாஹிருவிடம் சொல்லிவிட்டு, ஆனாலும் அதைக் கொடுக்கத்தான் வேண்டும், இன்று வண்டி, நாளைக்கு யார் பிள்ளையோ என்றார். கோழிகளை ரஹினா வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் ஒரு நிலத்தகராறு வழக்கு. நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, இல்லை யாராவது சொன்னார்களா என்று சாட்சியை நீதிபதி கேட்டார். சுமானி அதைத் தக்பானியில் சொன்னார். சாட்சி பதில் சொல்லிவிட்டார். சுமானியோ அதே கேள்வியை மறுபடி கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையா என்று நீதிபதி விசாரித்தார். சரியில்லை என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தார்.

ரஹினா அடுப்பின் முன்னால் இருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், அங்கி மாட்டிக்கொண்டதுமுதல். ஆடு படுத்தே இருந்தது என்பதையும் விடவில்லை. அவள் கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டி வைத்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு கோழிய அடுப்புல ஏத்திட்டேனே."

மீதிக் கோழியின் காலைத் திரும்பவும் கட்டி அவர் கையில் கொடுத்தாள். நாளைக்குக் கசாப்புக்காரர் வருவதற்கு முன்னால் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

அசானாவின் வீட்டு முற்றத்தில் ஆடு முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தது. அதன் முன்னால் வைத்த தழையைத் தொடவே இல்லை. சுமானி கோழியைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லை. மற்றவர்கள் சொன்னதைத்தான் இத்தனை காலமும் சொல்லிவந்தார். அவர் முடித்ததும் அசானா எழுந்துபோய் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

"மூணு நாளா இத திட்டிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி வேற வந்து திட்டிட்டுப் போனா. இது என்னையே பாத்துட்டு நின்னுச்சு. எனக்கென்ன தெரியும்."

சுமானி மன்னிப்புக் கேட்டார்.

"எங்கிட்ட கேட்டா போதுமா? எந்த வாசல்ல சொன்னீங்களோ அதே வாசல்ல போய் சொல்லுங்க, மாப்பிள்ளை. நானும் வர்றேன்."

அப்படியே நடந்தது. மாமனார், மாமியார், தாஹிரு, விருந்துக்கு வந்திருந்த சித்தப்பா ஒருவர், எல்லோரும் உட்கார்ந்திருக்க, சுமானி நீதிமன்றத்தில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். மாமனார் கடைசிவரை கேட்டுவிட்டு, அடி பட்டதா என்று மட்டும் கேட்டார். முழங்காலில் கொஞ்சம் என்றார் சுமானி. ஐந்து நாளில் அதை யாராவது கேட்டது அதுதான் முதல்முறை.

தாஹிரு சாவியைக் கேட்டு வாங்கினான். தானும் நீளமான அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான், இறங்கினான். மறுபடி ஏறி, மறுபடி இறங்கினான். தெருமுனைவரை போய்வந்து, மணலில் நிறுத்தி இன்னொருமுறை இறங்கிக் காட்டினான். ஒரு தடவைகூட விழவில்லை.

"எப்படி விழுந்தீங்கன்னே புரியல மச்சான். இதுக்குத் தனித் திறமை வேணும்."

நோன்பு மாதம்வரைக்கும் அவன் சுமானியை 'புள்ளி மச்சான்' என்றே கூப்பிட்டான். ஜக்கரி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்றது முழு உண்மையல்ல.

சமைத்துவிட்ட கோழிக்குப் பதில் வேறொன்று வாங்கித் தருவதாக சுமானி சொன்னதற்கு அசானா ஒத்துக்கொள்ளவில்லை. கண் மங்கலாகிக்கொண்டே வருகிறது, செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போதும் என்றார்.

செவ்வாய்க்கிழமை சுமானி லீவு போட்டார். அங்கி போடவில்லை. அசானா பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வழியில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டபோதெல்லாம் நிறுத்தச் சொல்லி, நம்ம ஆடு ஒண்ணும் பண்ணல, அது பாட்டுக்குப் படுத்திருந்துச்சு என்று சொன்னார். ஏழு பேரிடம் சொன்னார். ஏழு முறையும் சுமானி காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

டாக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் பெண். அவருக்குத் தக்பானி வராது. நர்ஸ் வேறு அறையில் இருந்ததால் சுமானியே நடுவில் நின்றார். எத்தனை மாதமாக மங்கல், வலி உண்டா, வெளிச்சத்தில் கூசுகிறதா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா என்றும் கேட்டார். சுமானி அதைத் தக்பானியில் கேட்டார்.

"நான் விழல. இவருதான் விழுந்தாரு. நின்னுட்டு இருந்த வண்டியிலேருந்து."

டாக்டர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். சுமானி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் எழுதவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு யார் கூட்டிவருவார் என்று டாக்டர் கேட்டார். சுமானி அதை அசானாவிடம் கேட்கவில்லை. நான்தான் என்று தானாகவே பதில் சொன்னார்.

என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அசானா விசாரித்தார். ஒன்றுமில்லை, தேதிதான் என்று சொல்லி, மருந்து விட்ட கண்ணோடு தடுமாறியவரைக் கைபிடித்து வெளியே கூட்டிவந்தார். வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. சீட்டு கொதித்தது. தன் கைக்குட்டையை நனைத்துப் பின்சீட்டில் விரித்துவிட்டு, அசானா சௌகரியமாக உட்காரும்வரை ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.