மஞ்சளை எடுப்பது

ஆறரைக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். ஒரு டம்ளர் டீ. குளியல். சட்டை. படுக்கையறையில் விளக்குப் போடுவதில்லை. ஜன்னல் வெளிச்சமே போதும். ஃப்ரிட்ஜின் மேல் பிரிக்காத பல்பு டப்பா ஒன்று இருக்கிறது. வீட்டுச் சாவி அதன் பின்னால் இருக்கும். டப்பாவைத் தொடாமல் சாவியை எடுக்கப் பழகிவிட்டேன். ஏழு ஐம்பதுக்குப் பேருந்து. எட்டே முக்காலுக்கு என் அறை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர்கள் முழுக்கச் சாம்பல் நிறம். அழகுக்காக அல்ல. படம்பிடித்து வந்த காட்சிகளுக்கு நிறம் சரிசெய்வது என் வேலை. நாளெல்லாம் ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதையே வெள்ளை என்று நம்ப ஆரம்பித்துவிடும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டுத் திரும்பி அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது இது ஒன்றைத்தான். அவசர வேலை வந்தால் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை.

போன வருடம் முழுக்க ஒரே தொடர்தான். ஒரு குடும்பத்தின் ஐம்பது வருடக் கதை. அதன் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னும் கொஞ்சம்'. எதைக் காட்டினாலும் அவர் அதைத்தான் சொல்வார். எழுபதுகள் என்றால் கடுகு மஞ்சள், காவி, பழுப்பு. எண்பதுகளுக்கு ரோஸ், கிளிப்பச்சை, முகத்தில் ஃப்ளாஷ் அடித்த வெள்ளை. தொண்ணூறுகளுக்கு மெரூன், வீடியோ கேசட்டின் மங்கல். இரண்டாயிரத்துக்கு மேல் எல்லோரும் தண்ணீருக்குள் நடமாடுவதுபோல ஒரு நீலப்பச்சை. அப்புறம் வெளுத்த சாம்பல். வருடத்தை எழுத்தில் போட வேண்டியதே இல்லை, நிறத்தைப் பார்த்ததும் ஆட்களுக்குப் புரிந்துவிடும். உண்மையில் எழுபதுகளில் யாரும் பழுப்பாக வாழவில்லை. வானம் நீலமாகத்தான் இருந்திருக்கும். படச்சுருள் பழசாக ஆக அந்த நீலம் முதலில் போய்விட்டது. மிஞ்சிய நிறத்தை நாம் எழுபதுகள் என்கிறோம்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போக அறைக்கு வந்தவள், எழுபதுகளின் கல்யாண வீட்டுக் காட்சி ஓடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏம்ப்பா, எழுபதுல ஊருக்கே மஞ்சக் காமாலையா?"

'இன்னும் கொஞ்சம்' நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில் அவள், நம்முடைய காலத்தைப் பின்னால் எந்த நிறத்தில் காட்டுவார்கள் என்று கேட்டாள். சாம்பல் என்றேன். ஒரு பச்சைச் சட்டைக்காக நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறேன், கடைசியில் சாம்பலா என்று பேருந்து வரும்வரை திட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று மத்தியானம் அத்தை கூப்பிட்டார். அவளுடைய அம்மா. வேறு ஊரில் தனியாக இருக்கிறார். கூடத்தில் மாட்ட மகளின் படம் ஒன்று வேண்டுமாம். கல்யாணப் படம் வேண்டாம், அதில் பூச்சுதான் இருக்கிறது, பிள்ளை இல்லை என்றார். முன்பு நான் போனில் எடுத்து அனுப்பிய ஒரு வீடியோவைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, படுக்கையறையில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அவள் எதற்கோ சிரிக்கிறாள். அதிலிருந்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"மாப்ள, அதுல அவ மூஞ்சி மஞ்சளா இருக்கு."

திரையில் ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்தினேன்.

"அன்னிக்கே அனுப்புனீங்க. நான் பத்து தடவ பாத்தேன். சின்ன போன்ல எனக்கு ஒண்ணும் தெரியல. இப்ப தம்பி வீட்டு டிவில போட்டுப் பாத்தாதான் தெரியுது. பெத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

"லைட்டு அப்படி, அத்தை" என்றேன். "பல்பு பழசு."

"லைட்டா?"

"லைட்டுதான். நான் சரிபண்ணி அனுப்புறேன்."

இன்று காலை மற்ற வேலைகளுக்கு முன்னால் அதைத் திறந்தேன். எளிய வேலை. பல்பின் மஞ்சள் என்றால் அது எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். மொத்தமாக மஞ்சளைக் குறைத்தால் சுவர் வெள்ளையாகும், தலையணை வெள்ளையாகும், முகம் முகத்தின் நிறத்துக்கு வரும். நிறத்தை மாற்ற என் மேசையில் இருக்கும் ஒரு உருண்டையை விரலால் லேசாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். திருப்பினேன். அவள் முகம் சரியானது. கண்ணின் வெள்ளை வெள்ளையானது. அவளுக்குப் பின்னால் சுவர் நீலமாகப் போனது. தலையணை உறை நீலமாகப் போனது. மடித்த வேட்டி, அவள் கையில் இருந்த துண்டு எல்லாம் நீலம்.

உருண்டையை விட்டேன். சுவர் வெள்ளைக்குத் திரும்பியது. அவள் மஞ்சளுக்குத் திரும்பினாள்.

திரும்பிச் சாம்பல் சுவரைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. பல்பில் ஒரு குறையும் இல்லை.

அந்த வீடியோவை எடுத்த சாயங்காலம்தான் அவள் கேட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண் மஞ்சளாக இருக்கிறதா பார் என்றாள். நான் அன்றைக்கும் பகல் முழுக்க எழுபதுகளில் இருந்துவிட்டு வந்திருந்தேன். மூன்று வாரமாக ஞாயிறும் வேலை. எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. போனேன், அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன், பார்த்தேன். பல்பு அப்படி என்றேன். நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பாள். நிறத்தைப் பற்றி நான் சொன்னதால் விட்டுவிட்டாள். சோர்வாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மீதித் துணியை மடித்தாள்.

பல்பு வாங்க நாலு நாள் ஆனது. வாங்கி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். பதினோராவது நாள் பள்ளியிலிருந்தே நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கல்லீரல். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு ஆறு நாள்.

படத்தில் அவளைச் சுற்றி மட்டும் கோடு வரைந்தேன். நெற்றி, காது, கழுத்து, துணியைப் பிடித்திருக்கும் விரல்கள். விரல்களுக்கு நேரம் பிடித்தது. இரண்டு கண்களுக்கும் தனித்தனிக் கோடு. கோட்டுக்கு உள்ளே மட்டும் மஞ்சளை எடுத்தேன். கன்னத்தில் கொஞ்சம் சிவப்புச் சேர்த்தேன். சுவர் வெள்ளையாகவே இருந்தது. வேலை சுத்தமாக வந்திருந்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அத்தைக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"இப்பதான் என் பொண்ணு. நீங்க சொன்னது சரிதான் மாப்ள, லைட்டுதான். நேத்து பூரா நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவள் என்னிடம் கேட்டாள், நான் பார்த்தேன் என்று. அவர் அதற்குள், சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். படத்துக்கு எந்தச் சட்டம் நன்றாக இருக்கும் என்று கேட்டார். கறுப்பு என்றேன்.

கடைசியாக அவள் 'அம்மா' என்று கூப்பிட்டதாக அத்தை எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுத்ததில்லை. அத்தை அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அறையில் நான் மட்டும்தான். மேலே வெள்ளை ட்யூப்லைட். அந்த வெளிச்சத்தில் அவள் எலுமிச்சைத் தோல்போல இருந்தாள். இரண்டு நாளாக யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தெரிந்து பார்த்தாள். நான் குனிந்து காதை அருகில் கொண்டுபோனேன்.

"பல்ப மாத்துனியா?"