ஹாத்சுயேவுக்கான குளிர்

ஏசி மாட்ட வந்தவனிடம் அப்பா தோகுஜிரோ, சாமி அறையைக் காட்டியபோது சுமியேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கும் அறை வெந்துகொண்டிருக்க, செத்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கும் அறைக்கு ஏசியா?

“அப்பா, நீங்க படுக்கிறது பக்கத்துல, அடுக்களை அறையில.”

“நடுவுல ஒரு தள்ளுகதவுதானே. திறந்தா காத்து வந்துட்டுப் போகுது.”

அவர் ஏசிக்குச் சம்மதித்ததே பெரிய விஷயம் என்பதால் விட்டுவிட்டாள். நாலு பக்கமும் மலை அடைத்த தஜிமியில் ஆகஸ்டு மாதம் காக்கைகூட வாயைப் பிளந்துகொண்டுதான் உட்காரும். அவரோ, “சூளை வாயில முப்பது வருஷம் நின்னவன். இதெல்லாம் எனக்கு வெயிலா?” என்பார். டைல்ஸ் சுடும் சூளை. அந்த வேலையில் பாதிப் புருவம் கருகியதுதான் மிச்சம் என்று அம்மா கேலி செய்வாள்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அடுத்த வீட்டுக்காரர் கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். ஆனால் வீட்டுக்குள் ‘மொத்தாய்னாய்’ என்ற ஒரே சொல்லின் ஆட்சி. ஐயோ, வீணாகிறதே என்று பொருள். சோற்றுப் பருக்கை ஒட்டிய கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டும். தர்பூசணித் தோலின் வெள்ளையை உப்பில் ஊறப்போட வேண்டும். குளித்த தண்ணீரில் துணி துவைக்க வேண்டும். அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடி சுமியே அதிகம் கேட்டு வளர்ந்தது இந்தச் சொல்லைத்தான்.

அம்மா ஹாத்சுயே கடைசியாகக் கேட்டதும் அதுவாகத்தான் இருக்கும். போன ஆகஸ்டில், மின்விசிறி அனலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மதியம், “ஒரு ஏசி வாங்கலாமாங்க?” என்றாள். எதையும் வாய் திறந்து கேட்காதவள். “இன்னும் ரெண்டு வாரம். அப்புறம் தானா குளுந்துடும். மொத்தாய்னாய்,” என்றார் அவர். அந்த இரண்டு வாரம் அவளுக்குக் கிடைக்கவில்லை. வெப்பம் தாக்கிவிட்டது என்றார் மருத்துவர். அதன்பிறகு அப்பாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இது அம்மா போன பிறகு வரும் முதல் ஓபோன். போனவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் நாட்கள். வேகமாக வந்து சேர வெள்ளரிக்காயில் குதிரையும், ஆற அமரத் திரும்பிப் போக கத்தரிக்காயில் மாடும், குச்சிக் கால் செருகி அப்பாவே செய்து வைத்திருந்தார். வாசலில் வரவேற்பு நெருப்பு மூட்டிவிட்டு, உள்ளே போய் ஏசியைப் போட்டார். மாட்டியதிலிருந்து அன்றுதான் முதல்முறை.

மந்திரம் ஓத வந்த கோயில் குரு, இருபது வீடு ஸ்கூட்டரில் சுற்றி வேர்த்து விறுவிறுத்து வந்தவர், “ஆகா, சொர்க்கம்!” என்று குளிரில் உட்கார்ந்தார். அப்பா உள்ளே வரவில்லை. அடுக்களைத் தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டார்.

“உள்ள வாங்க,” என்றார் குரு.

“வேணாம் சாமி. எனக்கு மொத்தாய்னாய்.”

சுமியேவுக்குப் பொறுக்கவில்லை. “ஓடுறது எப்படியும் ஓடுது. நீங்க வந்து உக்காந்தா கரண்டு என்ன கூடவா போகுது? கணக்கு தெரியாத கஞ்சத்தனமா இருக்கே!”

குரு விசிறியை மடித்துக்கொண்டே, “அவரு சொல்றது கஞ்சத்தனம் இல்லம்மா,” என்றார். “அந்தச் சொல்லு ரொம்பப் பழசு. ஒரு பொருளுக்குன்னு ஒரு மகிமை இருக்கில்ல, அதுதான் மொத்தாய். அது கெட்டுப்போற மாதிரி நடந்தா மொத்தாய்னாய்ன்னாங்க. அப்புறம், இவ்வளவு பெருசுக்கு நான் தகுதியில்லைன்னு கையெடுத்துக் கும்பிடறப்பவும் அதையே சொன்னாங்க. சோத்தை வீணாக்காதேங்கிறதெல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது.”

“சாமி, தேநீர் ஆறிடும்,” என்றார் அப்பா.

குரு போனதும் அவள் அப்பாவிடம் கெஞ்சினாள். ஓபோன் என்றால் அவள் வேலை பார்க்கும் நகோயா கடையில் பொரித்த பலகாரப் பெட்டிகள் மலையாகப் போகும், லீவு கிடையாது. பதினைந்தாம் தேதி காலையில்தான் வர முடியும். “உள்ள படுக்கலைன்னாலும் போகுது. கதவையாவது திறந்து வையுங்க.”

“அவ கேட்டப்ப இல்லைன்னுட்டேன் சுமி,” என்றார் அப்பா. அதைப் பற்றி அவர் வாய் திறந்தது ஒரு வருடத்தில் இதுதான் முதல்முறை. “இப்ப அவளுக்குப் போட்டுட்டு, நானும் போய் அதுல கால நீட்டிப் படுக்கவா?”

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததில் சுமியே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். கடையில் ஒரே இரைச்சல்.

“ஏசி ஓடுதாப்பா?”

“ஓடுது. காலையிலேருந்து நிறுத்தவே இல்ல.”

“நிறுத்தாதீங்க. ராத்திரியும் ஓடட்டும்.”

“ம். நிறுத்த மாட்டேன். நீ சாப்பிட்டியா?”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அந்த நிம்மதியோடு அவள் இறால் பொரிக்கப் போனாள். கதவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பதினைந்தாம் தேதி காலை அவள் வந்தபோது அப்பா அடுக்களையில், மூடிய தள்ளுகதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு காய்ந்து மொடமொடத்துக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் தர்பூசணித் தோல், கண்ணாடியாகத் தெரியுமளவு சுரண்டித் தின்றது. சூளைக்காரரின் உடம்பு இன்னும் சுட்டது. அதனால் உயிர் இருக்கிறதென்று நினைத்து அவள் உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டாள். கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து பனிக்காலம்போல் காற்று வந்து முகத்தில் அடித்தது. அம்மாவின் படத்துக்கு முன்னால் தர்பூசணியின் நடுத்துண்டு, சிவப்பு வாடாமல் இருந்தது.

ஆம்புலன்ஸ், போலீஸ், மருத்துவர் எல்லாம் முடிந்து மதியத்துக்கு மேல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவர் சாமி அறையிலேயே மெத்தை விரித்தார். தலையை வடக்கே வைத்து, நெஞ்சின்மேலும் வயிற்றின்மேலும் பனிக்கட்டிகளை அடுக்கி, முகத்தில் வெள்ளைத் துணி போட்டார்.

“நல்லவேளை, இந்த அறையில ஏசி இருக்கு,” என்றார் சுமியேவிடம். “இருக்கிறதிலேயே குறைச்சு வையுங்க. நிறுத்திடாதீங்க. கதவும் மூடியே இருக்கட்டும். நீங்களும் உள்ளயே உக்காருங்கம்மா, வெளிய வெந்து போயிடுவீங்க.”

அவர் போனதும் சுமியே தள்ளுகதவை மூடினாள். உள்ளே போகவேண்டும் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தாள். கறுப்புச் சட்டை முதுகில் ஒட்டியது, மோவாயிலிருந்து வேர்வை சொட்டியது. கதவின் கீழ் இடுக்கு வழியாகக் குளிர் மெல்லக் கசிந்து வந்து அவள் கால்விரல்களைத் தொட்டது. அவள் காலை மடக்கி இழுத்துக்கொண்டாள்.