உப்புக் காப்பி ஆறுவதற்குள்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்தில் பிறந்தது. அதுவும் என்னுடையதல்ல. இங்கே துருக்கியின் கப்படோக்கியாவில், நான் தினமும் உட்காரும் தேநீர்க்கடையில், பக்கத்து மேசைக்காரர் யாருக்கோ புத்தி சொன்னார்: “அந்த வீட்ல பொண்ணு எடுக்காதீங்க, ரத்தம் சரியில்ல.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தில் எழுதினால் கதை கட்டுரையாகிவிடும் என்பார்கள். ஆகட்டுமே.

2

முதல் தொடக்கம்: ‘வெள்ளைக்கல் வீடுகளின் மேல் மாலை வெயில் மெல்ல…’

(வேண்டாம். ஆளைக் கொல்லும் கல்லுக்கு அழகு ஒரு கேடா?)

இரண்டாவது: அரசு கட்டிக்கொடுத்த புது வீட்டில் தோனே காப்பி போடுகிறாள். அந்த வெள்ளைக்கல்லில் கட்டி வெள்ளை மண் பூசிய பழைய வீட்டில் வளர்ந்தவள். நுரையீரல் உறையில் வரும் புற்றுக்கு அப்பாவையும் பெரியப்பாவையும் பறிகொடுத்தவள். இன்று தூர்சுன் தன் அம்மா ஹவ்வாவோடு பெண் கேட்டு வந்திருக்கிறான். வழக்கப்படி மாப்பிள்ளை கோப்பையில் உப்பு. முகம் சுளிக்காமல் குடித்தால் அவனுக்கு இவள்மேல் ஆசை என்று அர்த்தம். இவளுக்கு அவன்மேல் ஆசை. அதனால் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட்டாள்.

3

ஹவ்வாவை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். கிழித்துப் போட்டேன். ஒரே மகன், அவள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள்? ஊர்க்கதையெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இந்த நோய் வருமா என்று கேட்டேவிட்டாள்.

தோனே தட்டைக் கீழே வைத்தாள்.

“எல்மாஸ் சித்தி உங்க ஊர்ப் பொண்ணுதானே அத்தை? எங்க சித்தப்பாவைக் கட்டிக்கிட்டு வந்து, வருஷா வருஷம் அந்த வெள்ளை மண்ணைக் குழைச்சு சுவருக்குப் பூசினாங்க. அவங்களும் இதே நோயிலதான் போனாங்க. அவங்க உடம்புல எங்க ரத்தம் எப்படி வந்துச்சு?”

இங்கேயே முடித்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் இது பாதி உண்மை.*

* அந்த மண்ணில் ஊசி போன்ற நுண்ணிழைகள் உண்டு. மூச்சோடு போனவை உள்ளேயே தங்கி, பல வருடம் உறுத்தி உறுத்தி உயிரணுக்களின் மரபணுக்களைக் கெடுக்கின்றன. தூசி எல்லாருக்கும் ஒன்றுதான். சில குடும்பங்களில் மட்டும் காவல் காக்கும் மரபணு ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கலாம். அங்கே தூசிக்கு வேலை சுலபம். எதன் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும்… (அடிக்குறிப்பு நீள்கிறது. காப்பி ஆறுகிறது.)

4

மறுபாதியை மறைத்திருக்கலாம். தோனே மறைக்கவில்லை. அதனால்தான் இவளை விடாமல் எழுதுகிறேன்.

“ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நாளைக்குக் காலைல கைசேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கறேன். எது வந்தாலும் உங்ககிட்ட சொல்லுவேன். ரத்தம் என் கையில இல்ல. ஆனா என் பிள்ளை அந்தத் தூசியை மூச்சுல வாங்காது, அது என் கையில இருக்கு. கூட வர்றவங்க வரலாம்.”

5

முடிவு அ: பரிசோதனையில் ஒன்றுமில்லை. மேளம் கொட்டுகிறது. (அடித்துவிட்டேன். ஒன்றும் இல்லாதவளுக்குத்தான் கல்யாணமா?)

முடிவு ஆ: பழுது இருக்கிறது. தூர்சுன் தலையைக் குனிந்துகொண்டு… (இதையும்.)

பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. தோனே கேட்டது அதற்கு முந்தைய கேள்வி: கூட வருகிறீர்களா?

தூர்சுன் கோப்பையை எடுத்துவிட்டான். இன்னும் உதட்டில் வைக்கவில்லை. அம்மாவைப் பார்க்கிறான். ஹவ்வாவை எழுப்பி அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

காலையில் கைசேரிக்குப் பேருந்து இருக்கிறது. உங்கள் மகன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். சொல்லுங்கள்.